பசையால் ஒட்டிய தட்டான்

எனக்குப் பெயர் வாங்கித் தந்த தட்டான் படம் பொய்யானது. சிறகெல்லாம் பனித்துளி, புல்தண்டை இறுகப் பற்றிய ஆறு கால்கள், பின்னால் கரைந்து நிற்கும் பச்சை. பார்த்தவர்கள் எல்லாரும் நான் விடியற்காலையில் கண்மாய்க் கரையில் முழந்தாளிட்டுக் காத்திருந்ததாக நினைத்தார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தப் படம் என் வீட்டு மொட்டை மாடியில், பிற்பகலில், செத்துப்போன தட்டானை வைத்து எடுத்தது. கால்களைப் பசை தடவி ஒட்டினேன். பனித்துளியாகத் தெரிவது கிளிசரின் கலந்த தண்ணீர். ஸ்ப்ரே பாட்டிலால் அடித்தது. தட்டான் செத்தது என் வீட்டு ஃப்ரீசரில்.

இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் பல வருடங்கள் இருந்தேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது மறுபடியும் கேமராவை எடுத்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே போக ஆரம்பித்திருக்கிறேன். பழைய சந்தோஷம் திரும்பி வந்திருக்கிறது. அது எப்படிப் போனது என்பதை மறைத்துவிட்டு, எப்படி வந்தது என்பதை மட்டும் எழுதினால் அது இரண்டாவது பொய்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில் எங்கள் வீடு. எருக்கும் ஆவாரையும் நெருஞ்சியும் தும்பையும் வாசலைத் தாண்டினால் கிடைக்கும். பெரிய லென்ஸ் வாங்கக் காசில்லை. 50 எம்எம் லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் ஒன்று மட்டும் வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். அதை மாட்டிக்கொண்டு ஐப்பசி மழைக்கு மறுநாள் செம்மண்ணில் குப்புறப் படுத்தேன். சின்ன வயதில் தீப்பெட்டியில் அடைத்து விளையாடிய சிவப்பு வெல்வெட் பூச்சி, சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது, கண்ணுக்கு முன்னால் நடந்துபோனது. எட்டுக் கால். பூச்சி என்று சொல்கிறோமே தவிர, அது உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவு. அத்தனை வருடம் கையில் வைத்து விளையாடியும் கால்களை எண்ணிப் பார்த்ததில்லை. வெட்டுக்காயப் பூண்டின் ஒற்றைப் பூ என்று நாம் நினைப்பது, நெருங்கிப் பார்த்தால் நெருக்கமாக நிற்கும் பல சிறு பூக்கள் என்று தெரிந்ததும் அந்த நாட்களில்தான். மஞ்சள் நடுவட்டத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக விரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூடத் தோன்றாமல் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் பாதி மங்கலாகத்தான் இருந்தன. அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

குறையாகப் பட ஆரம்பித்தது, மற்றவர்கள் பார்க்க ஆரம்பித்த பிறகு.

இந்தக் கலையின் கஷ்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேக்ரோ என்று நாங்கள் சொல்வது, பொருளை அதன் உயிரளவிலேயே சென்சாரில் விழச் செய்வது. முழு ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள முசுறு எறும்பு அதில் எட்டு மில்லிமீட்டராகவே விழும். அந்த நெருக்கத்தில் லென்ஸின் துளையான அப்பர்ச்சரை எஃப் 11-இல் வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் சிறகு மங்கும். நாம் மூச்சு விட்டால் இரண்டும் மங்கும். எஃப் 22 வரை மூடினால் ஒளி வளைந்து பரவி மொத்தப் படமும் மழுங்கிப்போகும். உயிரளவை எட்டும்போது வெளிச்சமும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. காற்று, கை நடுக்கம், பூச்சியின் அசைவு மூன்றும் சேர்ந்து நிற்கும் ஒரு கணத்துக்காகத்தான் மேக்ரோ எடுப்பவர் காத்திருக்கிறார். அப்படிக் கிடைத்த கணத்திலும் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றை அழிக்க வேண்டியிருக்கும். அதுதான் இந்தப் பொழுதுபோக்கின் இயல்பு. அதை ஏற்க எனக்கு மனசு வரவில்லை.

நல்ல மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். ஃபிளாஷ் வாங்கினேன். படங்களைப் போட்டிகளுக்கு அனுப்பினேன். திரும்பத் திரும்ப ஒரே பதில்: சிறகு நுனி ஷார்ப்பாக இல்லை. ஒருவர், பெயர் வேண்டாம், பூச்சியைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது, எல்லாரும் செய்வதுதான் என்று சொல்லிக்கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து தட்டானை உள்ளே விட்டது என் கை.

பெரும்பாலான பூச்சிகளின் உடல் சூடு சுற்றியுள்ள சூட்டைப் பொறுத்தது. குளிர வைத்தால் தசைகள் இயங்காமல் நின்றுவிடும். அந்த நிலையில் எந்தத் தண்டிலும் உட்கார வைக்கலாம், எந்தப் பக்கமும் திருப்பலாம். ஒரே கோணத்தில், ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் அடுக்கி ஒரே படமாக்கலாம். மூக்கு முதல் வால் வரை தெளிவு. சூடு ஏறியதும் சில எழுந்து பறந்தன. சில தரையில் விழுந்து தத்தளித்தபோது எறும்புகள் வந்து இழுத்துப்போயின. சில எழவே இல்லை. எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மறந்து போய் இரவு முழுக்க விட்டதும் உண்டு. செத்தவற்றைப் பூந்தொட்டியில் போட்டேன். "வாயில்லா ஜீவன்டா, பாவம்" என்று அம்மா ஒரு தடவை சொன்னார். சாப்பாடு வைக்கும் இடம் என்பதால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது அதுவல்ல என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் புழுவை ஈர்க்குச்சியால் குத்துவேன். குத்தினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்று நீண்டு வரும், காரமான வாடை அடிக்கும். எதிரியை விரட்ட அந்தப் புழு வைத்திருக்கும் ஆயுதம் அது. படத்துக்கு அழகாக இருந்ததால் திரும்பத் திரும்பக் குத்தினேன்.

தட்டான் படம் பரிசு வாங்கியது. உள்ளூரில் ஒருவர் அதைக் காலண்டரில் போட்டார். பல வீட்டுச் சுவர்களில் தொங்கியது. இறந்த தட்டானின் கண்ணில் நிறம் சீக்கிரம் மங்கிவிடும். அந்தப் படத்தில் கண்ணுக்கு நிறம் ஏற்றியது நான்.

இவையெல்லாம் பூச்சிக்குச் செய்தவை. ஒரு மனிதனுக்குச் செய்ததை இன்னும் சொல்லவில்லை.

செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்த ஒரு தம்பி, காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தான். "எப்பண்ணே எடுத்தீங்க? எங்கண்ணே?" என்று கேட்டான். "மார்கழியில தம்பி. விடியக்காலம் ஆறு மணிக்கு, கண்மாய்க்குள்ள இறங்கணும்" என்றேன். எஃப் எத்தனை, ஷட்டர் எத்தனை என்று அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த மார்கழி முழுவதும் போனான். கடை திறப்பதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் இருட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு போவானாம். வந்து படங்களைக் காட்டினான். நிஜமான பனி, நிஜமான தட்டான், பாதி மங்கல். அவற்றில் ஒன்றிரண்டு நன்றாகவே இருந்தன. நான் அதைச் சொல்லவில்லை. "கிட்ட போனா பறந்துருதுண்ணே, ஒங்களது மாதிரி முழுசா ஷார்ப்பா வரமாட்டேங்குது" என்றான். "பொறுமை வேணும் தம்பி" என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொன்னதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த சின்னத்தனங்களில் பெரியது. பொறுமையே இல்லாததால் ஃப்ரீசரைத் திறந்தவன், இருட்டில் எழுந்து போனவனுக்குப் பொறுமை சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து அவன் லென்ஸை விற்றுவிட்டான். "நமக்குக் கை வரலண்ணே." கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி இவன் கேள்வி கேட்க மாட்டான் என்ற நிம்மதி. குற்ற உணர்ச்சி வந்து உடனே கேமராவைக் கீழே வைத்தேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. இன்னும் சில காலம் அதையே செய்தேன். பிறகு அலுத்துவிட்டது. எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த எதுவும் எதையும் செய்யவில்லை, தின்னவில்லை, ஒளியவில்லை, சண்டை போடவில்லை. எடுக்கும்போது ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கேமரா பீரோவுக்குள் போனது. மழைக்கால ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தது.

திரும்பி வந்ததற்குக் காரணம் அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி. ஒரு காலை ரசத்துக்கு இலை பறிக்கப் போனவர், "இங்க வந்து பாருடா, காக்கா எச்சம் நகருது" என்று கூப்பிட்டார். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. கரும்பழுப்பில் வெள்ளைத் திட்டு. பறவை எச்சம் என்று நினைத்துப் பறவைகளே ஒதுங்கிப் போகட்டும் என்பதற்கான வேடம். நான் பல முறை குத்திய அதே புழு. இந்த முறை ஈர்க்குச்சியை எடுக்கவில்லை. செய்ததற்கு வருந்தி எடுக்காமல் இருந்தேனா, அம்மா பக்கத்தில் நின்றதாலா என்பது எனக்கே தெளிவில்லை. பழைய ரிவர்ஸ் ரிங்கைத் தேடி எடுத்தேன். அதுவும் 50 எம்எம் லென்ஸும் பூஞ்சைக்குத் தப்பியிருந்தன.

தினமும் போய்ப் பார்த்தேன். தோல் உரிக்க உரிக்கப் புழு பெரிதானது. புழுவின் கடைசிப் பருவத்துக்கு வந்ததும் எச்ச வேடம் போய் இலைப் பச்சைக்கு மாறியது. நான் தொடாததால் கொம்பு வெளியே வரவில்லை. ஒரு நாள் குளவி ஒன்று அருகில் சுற்றியபோது வந்தது, ஒரு கணம்தான். என் படத்தில் அது மங்கலாக இருக்கிறது. குத்தி எடுத்த பழைய படங்கள் அத்தனையும் தெளிவு. இந்த மங்கலில்தான் எனக்குப் புரிந்தது, கொம்பு எதற்காக இருக்கிறது, எவ்வளவு சிக்கனமாக அது செலவாகிறது என்று. பிறகு புழு ஒரு குச்சியில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றது. கூட்டுப்புழுவானது. பூச்சி வெளியே வரும் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று காத்துக் கிடந்தேன். சாப்பிடப் போன நேரத்தில் வெளியே வந்து பறந்துவிட்டது. வெறும் கூடு மட்டும் இருந்தது. படம் கிடைக்காமல் போனதற்கு நான் அன்று சந்தோஷப்பட்டேன். அது பறந்துபோனது என்பதே போதுமாக இருந்தது. இந்த மாதிரி ஒரு சந்தோஷம் மூதாயின் காலை எண்ணிய நாட்களுக்குப் பிறகு எனக்கு வந்ததே இல்லை.

அதன்பின் வெளியே போக ஆரம்பித்தேன். அடிவாரத்து மாமரத்தில் முசுறுகள் இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடு கட்டியிருந்தன. தங்கள் புழுக்களை வாயில் கவ்வி வந்து, அவற்றின் பட்டு நூலால் இலையோடு இலையை ஒட்டும் எறும்புகள் இவை. அவற்றுக்கு நடுவே ஓர் எறும்பு மட்டும் அவசரமில்லாமல் நடந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தேன்: எட்டுக் கால். முன்கால்கள் இரண்டையும் தூக்கி, எறும்பின் உணர்கொம்புபோல் ஆட்டிக்கொண்டே வந்த சிலந்தி. உடம்பும் முசுறுவின் நிறத்தில், முசுறுவின் இடுப்போடு. உண்மையான முசுறு ஒன்று நெருங்கியதும் இலை விளிம்பிலிருந்து குதித்து நூலில் தொங்கியது. எறும்பு போன பிறகு ஏறி வந்து மறுபடியும் எறும்பானது. வெயில் ஏறி முதுகு எரியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சிலந்தியை நான் முன்பு ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் எட்டுக் காலையும் தரையில் ஊன்றிய ஒரு சிவப்புச் சிலந்தியின் தெளிவான படம் கிடைத்திருக்கும். அது எறும்பாக நடிப்பது தெரியாமலே போயிருக்கும்.

தட்டான்களிடமும் போனேன். வெயிலில் குச்சி நுனியில் வந்து உட்காரும் தட்டான்கள் பல, முன்கால் இரண்டையும் கண்ணுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு நான்கு காலில்தான் நிற்கின்றன. அத்தனை தட்டான்களைக் கையாண்ட எனக்கு அது தெரியாது. நான் ஆறு காலையும் வரிசையாகப் பசை வைத்து ஒட்டியிருந்தேன். பார்க்காத ஒன்றைப் படம் எடுத்திருக்கிறேன் என்பதற்கு அந்தக் கால்கள் சாட்சி.

அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியவற்றை இப்போதுதான் கற்றுக்கொண்டேன். காலையில் போய்த் தேடக்கூடாது. முதல்நாள் அந்தி மயங்கும்போதே போய், ஊசித்தட்டான்கள் எந்தக் காய்ந்த தண்டில் அடைகின்றன என்று பார்த்துவைக்க வேண்டும். வெயில் படுவதற்கு முன்னால் அதே தண்டுக்குத் திரும்ப வேண்டும். இரவுக் குளிரில் அவை தாமாகவே அசைவற்று இருக்கும், சிறகில் நிஜமான பனி இருக்கும். ஃப்ரீசர் செய்ததை மார்கழியே செய்து தருகிறது, யாரையும் கொல்லாமல். சூரியன் ஏறியதும் சில தட்டான்கள் பறப்பதற்கு முன் சிறகைப் படபடவென்று நடுக்கித் தசையைச் சூடேற்றிக்கொள்ளும். அப்போது கேமராவை இறக்கிவிட்டு வெறுமனே பார்க்கலாம். நம் நிழல் பூச்சியின் மேல் விழக்கூடாது. இடது கையால் தண்டைப் பிடித்து அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கினால், காற்றுக்குத் தண்டும் லென்ஸும் சேர்ந்தே ஆடும். பாதிச் சிக்கல் தீரும். ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதைவிட உடம்பை இம்மியளவு முன்னும் பின்னும் அசைப்பது மேல். சிறகும் உடம்பும் சென்சாருக்கு இணையாக வரும்படி நின்றால் அந்த ஒரு மில்லிமீட்டரே போதும்.

இறந்த பூச்சியைப் படம் எடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. லெவோன் பிஸ் என்ற இங்கிலாந்துப் படக்கலைஞர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் பூச்சிகளை எடுத்தார். 2016-இல் அங்கேயே காட்சிக்கு வைத்தார். ஒவ்வொரு படமும் 8000-க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து உருவாக்கியது. அவை அருங்காட்சியகப் பூச்சிகள் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தப் படங்களை வியந்து பார்க்க அது தடையாகவும் இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில் 2017-இல் வென்ற ஓர் எறும்புத்தின்னிப் படத்தின் பரிசு 2018-இல் திரும்பப் பெறப்பட்டது. படத்திலிருப்பது பிரேசிலின் தேசியப் பூங்கா ஒன்றில் வைக்கப்பட்டிருந்த பாடம் செய்த விலங்காக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்று நிபுணர்கள் ஒப்பிட்டுச் சொன்னார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் முகம் சுட்டது. அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் படத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

அதனால் செய்ய வேண்டியதை, தாமதமாகவேனும், செய்தேன். பரிசு தந்தவர்களுக்கு நடந்ததை எழுதி, சான்றிதழையும் தொகையையும் திருப்பி அனுப்பினேன். ஃபிரிட்ஜ் வைத்து எடுத்த படங்களை என் தொகுப்பிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றின் பெயரிலும் எப்படி எடுத்தது என்று எழுதிவைத்தேன். அழிக்கவில்லை. அழித்தால் நான் தப்பித்துவிடுவேன்.

கடைசியாக அந்தத் தம்பியின் கடைக்குப் போனேன். இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறான். கூட்டம் குறையும் வரை நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டுக் கேட்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "அப்ப அந்தத் தட்டான் அப்பவே செத்துருச்சாண்ணே?" என்றுதான் கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் எடுத்ததெல்லாம் உசுரோட இருந்துச்சுல்ல" என்றான். என் ரிவர்ஸ் ரிங்கையும் 50 எம்எம் லென்ஸையும் அவனுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். மறுபடி எடுப்பானா என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. என்னை மன்னித்ததாகவும் அவன் சொல்லவில்லை.

மேக்ரோ எடுக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஃபிளாஷ் போடுங்கள், அடுக்குங்கள், கணினியில் திருத்துங்கள். செய்ததைப் படத்தின் கீழே எழுதுங்கள். பூச்சியைக் குளிர வைக்காதீர்கள். மங்கலான படத்தோடு உங்களிடம் வரும் இளைஞனிடம் அதில் நன்றாக இருப்பதைச் சொல்லுங்கள். மதுரைப் பக்கம் யார் வீட்டுச் சுவரிலாவது, பனி மூடிய தட்டான் போட்ட அந்தப் பழைய காலண்டர் இன்னும் தொங்கினால், ஒரு பேனாவை எடுத்து அதன் கீழே எழுதிவிடுங்கள்: செத்த தட்டான், பசையால் ஒட்டியது, பனித்துளி கிளிசரின்.